திரும்பி வந்த கட்டுரை

ஜெயபுரத்திலிருந்து ஆசிரிய அன்பரொருவர் அண்மையில் எமக்கு ஒரு கடிதமும், அதனுடன் ஒரு கட்டுரையும் அனுப்பியிருந்தார். பூநகரி, முழங்காவில், ஜெயபுரம் ஆகிய பகுதிகளில் குளத்தையும் வயலையும் சூடடிக்கும் களத்தையும் பற்றி மக்கள் வழங்கும் சொற்களின் திரட்டு அக்கட்டுரை. அலைகரை, துருசு, வான், வரவை, பொலி என்று அது விரிந்து செல்கின்றது. மொட்டைக்கறுப்பன் நெல்லைப் பற்றி மட்டும் இரண்டு பக்கங்கள் உள்ளன. பாடசாலை விட்ட பின்னரும் விடுமுறை நாட்களிலும் துவிச்சக்கர வண்டியிலே ஊரூராகச் சென்று, வயது முதிர்ந்த கமக்காரரிடம் அமர்ந்து கேட்டு எழுதியவை அவை. மூன்று ஆண்டு உழைப்பு என்கிறார் அன்பர். அதனை நாம் ஐயுறவில்லை. கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்திலும் அவ்வுழைப்புத் தெரிகின்றது.

இக்கட்டுரையை அவர் முதலில் ஓர் ஆய்விதழுக்கே அனுப்பினார். எட்டு மாதங்கள் கழிந்தன. பின்னர் அது திரும்பி வந்தது. கூடவே, பெயர் குறிப்பிடப்படாத இருவரின் மதிப்புரைகளும் வந்தன. ஒருவர் பதினொரு வினாக்களை எழுப்பியிருந்தார். மற்றவர் முயற்சியைப் பாராட்டிவிட்டு, சொற்பிறப்புப் பற்றிய பகுதி முழுவதையும் நீக்கும்படி கூறியிருந்தார். திருத்தி அனுப்பினால் மீண்டும் பரிசீலிக்கலாம் என்பது இதழாசிரியரின் முடிபு. "இருபது ஆண்டுகளாகப் பிறர் பிழையைத் திருத்தி வருபவன் நான். முகமறியாத ஒருவர் என் கட்டுரைக்குச் சிவப்பு மை போடுவதா?" என்று மனம் நொந்து எழுதுகின்றார் அன்பர். கட்டுரையை உள்ளவாறே எமது பக்கத்தில் வெளியிட வேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள்.

கட்டுரையை இருமுறை படித்தோம். நல்ல கட்டுரை. எமது பக்கத்துக்கு ஓர் அணியாகவே அமைந்திருக்கும். ஆயினும், அதனை இப்பொழுது வெளியிடுவதில்லை என்று முடிவு செய்துள்ளோம். இம்முடிபுக்குரிய காரணத்தை அன்பருக்குத் தனியே எழுதி அமைந்திருக்கலாம். ஆனால் அவர் பட்ட மனவருத்தம் அவரொருவருக்கு மட்டும் உரியதன்று. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும், எழுதியதை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டிவிட்ட ஆசிரியர்கள் எத்தனையோ பேர். ஆகவே, அன்பரின் இசைவோடு, அவர் பெயரை மட்டும் மறைத்து, இங்கே பேசத் துணிகின்றோம்.

எழுதியதைப் பிறர் சோதனைக்கு ஒப்படைத்தல் மேனாட்டார் கொண்டுவந்த புதுவழக்கம் என்று நம்மவருட் சிலர் எண்ணுகின்றனர். இது நமது மரபை மறந்த எண்ணம். தமிழிலே நூலொன்று எழுதப்பட்ட அளவில் நூலாகிவிடுவதில்லை. அரங்கேறிய பின்னரே அது நூல். தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையத்திலே அதங்கோட்டாசானுக்கு எடுத்துரைக்கப்பட்டது என்று பனம்பாரனாரின் பாயிரம் கூறுகின்றது. நச்சினார்க்கினியர் அதற்கு ஒரு கதையும் சொல்கின்றார். தொல்காப்பியரோடு பிணக்குற்றிருந்த அகத்தியர், அந்நூலைக் கேளாதே என்று அதங்கோட்டாசானைத் தடுத்தாராம். தொல்காப்பியரோ கேட்டருளும்படி பலகாலும் வேண்டினாராம். இருவரையும் முனிவிக்க விரும்பாத ஆசான், நூலைக் கேட்டுக் குற்றம் கூறுவோம் என்று துணிந்தார். அவர் கூறிய குற்றத்துக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார் என்பது கதை.

இக்கதை வரலாறோ அன்றோ, அதனுள்ளே ஓர் அறம் உறைகின்றது. ஆசான்மீது ஒரு பெரியவரின் செல்வாக்கு இருந்தது. பகை காரணமாக நூலைக் கேளாமலே தள்ளிவிட அவரால் முடிந்திருக்கும். நட்புக் காரணமாகக் கேளாமலே புகழ்ந்துவிடவும் முடிந்திருக்கும். இரண்டையும் அவர் செய்யவில்லை. கேட்டார், வினவினார், நூலாசிரியர் விடை கூற இடமளித்தார். இன்றைய ஆய்விதழ்கள் பக்கம் பக்கமாக வகுத்திருக்கும் விதிகளின் சாரம் இம்மூன்றே என்பது எமது துணிபு.

அரங்கேற்ற மரபு மிக அண்மைக் காலம் வரை உயிரோடிருந்தது. இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய விபுலாநந்த அடிகள், பல்லாண்டுகள் ஆராய்ந்து எழுதிய யாழ் நூலை 1947ஆம் ஆண்டிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அறிஞர் அவை முன் அரங்கேற்றினார். வழக்கொழிந்துபோன ஓர் இசைக் கருவியைக் கணிதத்தினாலும் இலக்கியச் சான்றினாலும் மீட்டெடுக்க முயன்ற நூல் அது. உடல் நலிவுற்ற நிலையிலும் கடல் கடந்து சென்று அவையின் முன் நூலை வைத்தார் அடிகள். அவ்வாண்டிலேயே அவர் மறைந்தார். பேராசிரியர் பதவியும் துறவுக் கோலமும் பெரும்புகழும் பெற்றிருந்த ஒருவர், அவையின் முன் வைப்பதைத் தமக்கு இழிவென்று எண்ணவில்லை.

ஒரு நூல் எவ்வாறு பழுதுபடுகின்றது என்பதையும் நம் முன்னோர் வகுத்து வைத்திருக்கின்றனர். நன்னூலின் பாயிரம் நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு, மதம் ஏழு என எண்ணிச் சொல்கின்றது. எடுத்துக்கொண்ட பொருளை விட்டுப் பிறிதொன்றை விரித்துச் செல்வது ஒரு குற்றம். முன் சொன்னதற்கு முரணாகப் பின் சொல்வது ஒரு குற்றம். பெருக எடுத்துப் போகப் போக மெலிந்து முடிவதும் ஒரு குற்றம். இன்றைய மதிப்பாய்வாளர் ஒருவரின் அறிக்கையை எடுத்து இப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இவற்றையே வேறு சொற்களில் அவர் எழுதியிருப்பார்.

மேனாட்டிலே இவ்வழக்கம் வேறு பாதையால் வந்தது. இலண்டனிலுள்ள வேத்தியற் கழகத்தின் செயலாளராயிருந்த ஹென்றி ஓல்டன்பேர்க் 1665ஆம் ஆண்டில் ஓர் அறிவியல் இதழைத் தொடங்கினார். எதனை அச்சிடுவது என்பதைத் தொடக்கத்திலே பெரும்பாலும் இதழாசிரியரே தீர்மானித்தார். 1752ஆம் ஆண்டிலே கழகம் இதழின் பொறுப்பைத் தானே ஏற்று, கட்டுரைகளைத் தெரிவதற்கு ஒரு குழுவை அமைத்தது. ஆயினும், வரும் கட்டுரை ஒவ்வொன்றையும் வெளியிலுள்ள துறையறிஞரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்பது எல்லா இதழ்களுக்கும் பொதுவான விதியாக அமைந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலேதான். உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழ்கூட 1973ஆம் ஆண்டிலேயே அதனை முறையாக மேற்கொண்டது.

முகமறியாதவர் தம் எழுத்தில் கைவைக்கலாகாது என்று சினந்தவர் நமது ஜெயபுரத்து அன்பர் மட்டுமல்லர். 1936ஆம் ஆண்டிலே ஐன்ஸ்ரைன், நேதன் ரோசன் என்பாருடன் சேர்ந்து, ஈர்ப்பு அலைகள் இல்லை என்ற முடிபோடு ஒரு கட்டுரையை அமெரிக்காவின் 'பிசிக்கல் ரிவ்யூ' இதழுக்கு அனுப்பினார். இதழாசிரியர் அதனைத் துறையறிஞர் ஒருவருக்கு அனுப்பி, அவர் கூறிய குறைகளை ஐன்ஸ்ரைனுக்குத் தெரிவித்தார். வெளியிடுவதற்காகத் தந்ததை வேறொருவருக்குக் காட்ட யாம் இசையவில்லையே என்று வெகுண்டு, ஐன்ஸ்ரைன் கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். நிகழ்ந்தது என்ன? குறை கூறியவர் சொன்னதே சரி. றொபேட்சன் என்ற அவ்வறிஞர், பின்னர் ஐன்ஸ்ரைனின் உதவியாளரோடு உரையாடும்போது, தாம் யாரென்று காட்டிக்கொள்ளாமலே அதே பிழையை விளக்கினார். 1937ஆம் ஆண்டில் வேறோர் இதழில் அக்கட்டுரை வெளிவந்தபோது அதன் முடிபு மாறியிருந்தது. ஐன்ஸ்ரைனின் புகழ் அதனால் ஓர் அணுவும் குறையவில்லை. பிழையான கட்டுரை அச்சேறியிருப்பின் ஒருவேளை குறைந்திருக்கும்.

நம்மவர் வரலாற்றிலும் ஓர் எடுத்துக்காட்டுண்டு. கணித மேதை இராமானுசனின் முதலாவது ஆய்வுக் கட்டுரை, இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலே 1911ஆம் ஆண்டில் வெளிவந்தது. பேர்னூலி எண்களைப் பற்றியது அது. அவ்விதழின் ஆசிரியர் நாராயண ஐயங்காருக்கு அதனைப் படித்து விளங்கிக்கொள்வதே பெரும்பாடாயிற்று. சொல்ல வேண்டிய படிகளை விட்டுவிட்டு முடிபுக்குத் தாவும் இயல்பு இராமானுசனுடையது. தெளிவுபடுத்தும்படி கட்டுரை மீண்டும் அவரிடமே போயிற்று, மறுபடி வந்தது, மறுபடியும் போயிற்று. இதழாசிரியர் சலித்து அதனைக் குப்பையில் இட்டிருந்தாலும், இராமானுசன் சினந்து அதனைக் கிழித்தெறிந்திருந்தாலும் இழப்பு யாருக்கு? கேம்பிரிட்ஜிலுள்ள ஹாடிக்குத் தம் கடிதத்தை அவர் எழுதியது அதற்குப் பின்னர், 1913ஆம் ஆண்டிலே. பிறர் படித்து விளங்கும்படி எழுதவேண்டும் என்ற பாடத்தைப் பெருமேதைக்கும் ஓர் இதழாசிரியர் கற்பிக்க வேண்டியிருந்தது.

இனி, அன்பரின் கட்டுரைக்கு வருவோம். முதலாவது மதிப்பாய்வாளர் எழுப்பிய பதினொரு வினாக்களில் ஒன்று அன்பரை மிகவும் புண்படுத்தியிருக்கின்றது. "இச்சொற்களைக் கூறிய முதியவர்கள் எந்த ஊரிற் பிறந்தவர்கள்? எப்போது இங்கு வந்தார்கள்?" என்பது அவ்வினா. "எங்கள் ஊர்க் கிழவரை எங்கள் ஊரவர் அல்லர் என்று சொல்லப் பார்க்கிறார்கள்" என்று அன்பர் எழுதுகின்றார். இங்கேதான் நாம் அவரோடு மாறுபடுகின்றோம். அக்கட்டுரையின் உயிர்நிலையைத் தொட்ட வினா அதுவே.

வன்னியின் அண்மைக்கால வரலாறு இடம்பெயர்வின் வரலாறு. 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னரும், 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னரும் மலையகத்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் குடும்பங்கள் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின. 1995ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பெருந்தொகையாக வந்தனர். 2008, 2009ஆம் ஆண்டுகளிலோ பூநகரி தொடங்கி வன்னி நிலம் முழுவதும் தன் மக்களையே இழந்து கிடந்தது. பின்னர் அவர்கள் சிறுகச் சிறுக மீண்டனர். இத்தகைய நிலத்திலே ஒரு முதியவர் வயல் வரம்புக்கு ஒரு சொல்லை வழங்குகிறார் என்றால், அச்சொல் பூநகரிக்குரியதா, மன்னாருக்குரியதா, தென்மராட்சிக்குரியதா, தோட்டத்து லயத்திலிருந்து அவர் பெற்றோர் கொண்டுவந்ததா என்று எவ்வாறு அறிவது? அவர் பிறந்த ஊரையும் வந்த ஆண்டையும் குறிக்காவிட்டால், நான்கு ஊர்களின் சொற்கள் ஓரூர்ச் சொற்களாக அச்சேறிவிடும். நாளை ஒரு மாணவன் அதனை மேற்கோளாக எடுப்பான். அவனை வேறொருவன் எடுப்பான். ஐம்பது ஆண்டு கழித்துப் பிழையே மரபாக நின்றுவிடும். அன்று திருத்துவதற்கு அம்முதியவர்கள் இருக்கமாட்டார்கள்.

மாறாக, அவ்விவரத்தைச் சேர்த்தால் கட்டுரை எத்துணை உயரும் என்று எண்ணிப் பாருங்கள். வெறுஞ் சொற்றிரட்டாக இருந்தது, ஒரு குடியேற்றக் கிராமத்திலே பல ஊர்த் தமிழ் ஒன்றோடொன்று கலந்து புதுவழக்கொன்று பிறக்கும் வரலாறாகிவிடும். அத்தகைய கட்டுரையை ஜெயபுரத்திலோ அதன் அயலிலோ வாழ்பவரே எழுத முடியும். கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஒரு மாதம் வந்து போகும் ஆய்வாளரால் இயலாது. முகமறியாத அம்மதிப்பாய்வாளர் அன்பரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வுழைப்புக்குள் அன்பரே காணாத ஒரு புதையல் கிடப்பதைக் காட்டியிருக்கின்றார்.

தம் முடிபை மாற்றிக்கொள்வதை மானக்கேடாகக் கருதுவோருக்கு, நமது வரலாற்றுப் பேராசிரியர் கார்த்திகேசு இந்திரபாலாவின் வாழ்வு ஒரு பாடமாகும். இலங்கையில் தமிழர் நிலையாகக் குடியேறியதைப் பிற்காலத்ததாகக் கொண்டு அவர் 1965ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அளித்தார். அன்று கிடைத்த சான்றுகள் அவருக்குக் காட்டிய முடிபு அது. பின்னர், 1980ஆம் ஆண்டளவில் ஆனைக்கோட்டையிலே அவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் அகழ்ந்தபோது ஒரு சிறிய முத்திரை கிடைத்தது. அதிலிருந்த பிராமி எழுத்துகள் மூன்றே மூன்று. அம்மூன்றெழுத்தை எவ்வாறு வாசிப்பது, எவ்வாறு பொருள்கொள்வது என்று அறிஞர்கள் அச்சிலே வாதிட்டனர். பூநகரிப் பகுதியிலும் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் கள ஆய்வு நடத்தி, 1993ஆம் ஆண்டில் அத்தொல்பொருளாய்வை நூலாக வெளியிட்டார். இவ்வாறு சான்றுகள் பெருகி வந்தன. 2005ஆம் ஆண்டிலே இலங்கைத் தமிழரின் இனத்துவ உருவாக்கம் பற்றித் தாம் எழுதிய நூலில், நாற்பது ஆண்டுக்கு முந்திய தம் ஆய்வேட்டின் கருத்துகள் காலங்கடந்தவை என்று இந்திரபாலா தாமே எழுதினார்.

இந்த இடைக்காலத்திலே அவ்வாய்வேட்டை அரசியலாளர் தத்தம் பக்கத்துக்கு இழுத்துப் பயன்படுத்தினர். சிலர் அவரைத் தூற்றினர். தூற்றுதல் எதனையும் திருத்தவில்லை. புதிய சான்றும், சான்றின்மேல் நடந்த அறிஞர் வாதமுமே திருத்தின. இதனால் நாம் அறிவது யாது? கட்டுரை அச்சேறுவதோடு சோதனை முடிவதில்லை. அச்சுக்கு முன் இருவர் சோதிக்கின்றனர். அச்சுக்குப் பின் உலகம் சோதிக்கின்றது. முந்திய சோதனையில் நாணாதவனுக்குப் பிந்திய சோதனையில் அச்சமில்லை.

இவ்வளவும் கூறியதால், மதிப்பாய்வு முறை மாசற்றது என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளற்க. அம்முறையிலே குறைகள் பலவுண்டு. அவற்றுட் சில பெருங்குறைகள். முதலாவது, காலம். எட்டு மாதம் என்பது இன்று அருமையான செய்தியன்று. ஓராண்டும் அதற்கு மேலும் காத்திருப்போர் உளர். இரண்டாவது, மறைவு. கட்டுரையாளர் பெயரையும் மதிப்பாய்வாளர் பெயரையும் மறைப்பது நடுநிலைக்காகவே. ஆயினும், நமது சிறிய தமிழ்க் கல்வி உலகிலே, நடையைக் கொண்டே ஆளை இனங்காண்பது அரிதன்று. மறைவிலிருந்து பழைய பகை தீர்ப்போரும் இருக்கின்றனர். மூன்றாவது, இடத்தாழ்வு. பல்கலைக்கழகப் பெயர் பொறித்த தாளிலே வரும் கட்டுரைக்குக் கிடைக்கும் பொறுமை, ஜெயபுரத்துப் பாடசாலையொன்றிலிருந்து வரும் கட்டுரைக்குக் கிடைப்பதில்லை என்ற ஐயம் ஆசிரியர் பலருக்கு உண்டு. அந்த ஐயத்தைப் போக்க வேண்டிய கடமை இதழ்களைச் சார்ந்தது.

மதிப்பாய்வாளரின் கொடுமையைப் பற்றியும் நமது மரபிலே கதைகள் உள்ளன. பிழைபடப் பாடுவோரின் தலையிலே பிள்ளைப் பாண்டியன் குட்டுவானாம். வில்லிபுத்தூரார் காதைக் குறும்பியளவாகத் தோண்டி அறுப்பாராம். ஒட்டக்கூத்தரோ தலையையே கொய்வாராம். கேட்க வேடிக்கையான கதைகள்தாம். எனினும், இன்றும் குறிப்பு எழுதுவதற்குப் பதிலாகக் குட்டுவோரை, ஆங்காங்கே காணத்தான் செய்கின்றோம். இவர்களுக்கு எதிர்முனையிலே சீத்தலைச் சாத்தனாரைப் பற்றிய கதையை வைக்கலாம். பிறர் நூலிலே குற்றம் காணுந்தோறும் அவர் எழுத்தாணியால் தம் தலையையே குத்திக்கொள்வாராம். பெயருக்குப் பின்னாளிற் கற்பித்த காரணமாக இருக்கலாம். ஆயினும், பிறர் பிழை தனக்கு நோகவேண்டும் என்ற கருத்து அதிலே உண்டு. அந்நோவு இல்லாதவர் மதிப்பாய்வுக்கு இசையாதிருத்தல் நன்று.

இதற்கு நேர்மாறான கேடும் ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அச்சான தமிழ் நூல்கள் பலவற்றைப் புரட்டினால், நூலுக்கு முன்னே பக்கம் பக்கமாகச் சாற்றுகவிகள் நிற்கும். வித்துவான்கள் ஒருவர்க்கொருவர் வழங்கிக்கொண்ட புகழுரைகள். அரங்கேற்றத்தின் வினா மறைந்து, அதன் மாலை மரியாதை மட்டும் எஞ்சிய காலம் அது. இன்று அதே நோய் வேறு உருவத்தில் வந்திருக்கின்றது. பணம் செலுத்தினால் ஒரு வாரத்திலே கட்டுரையை ஏற்று வெளியிடும் 'சர்வதேச' இதழ்கள் பெருகிவிட்டன. துறையறிஞர் பார்வையிட்டனர் என்று அவை கூறிக்கொள்ளும், பார்த்தவர் எவருமிலர். 2013ஆம் ஆண்டிலே, 'சயன்ஸ்' இதழின் சார்பாக ஜோன் பொஹானன் என்ற எழுத்தாளர், பெரும்பிழைகளை வேண்டுமென்றே உள்ளே வைத்து ஒரு பொய்க் கட்டுரை புனைந்து, அதனைச் சிறு மாற்றங்களோடு 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதனை ஏற்றுக்கொண்டன. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு நம்பத்தகுந்த இதழ்களின் பட்டியலொன்றை 2018ஆம் ஆண்டில் அறிவித்து, 2025ஆம் ஆண்டில் அதனைக் கைவிட்டது. இதழைத் தேரும் பொறுப்பு இப்பொழுது அங்குக் கல்வி நிறுவனங்களின் தலையில் விழுந்துள்ளது.

பதவியுயர்வுக்கு இத்தனை கட்டுரை என்று எண்ணிக்கை கேட்கும் காலத்திலே இத்தகைய இதழ்கள் செழிப்பதில் வியப்பில்லை. அன்பரின் மின்னஞ்சலுக்கும் அவ்வாறான அழைப்புகள் வந்துள்ளனவாம். "இவர்கள் என்னை மதிக்கிறார்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கின்றார். அன்பரே, அவர்கள் மதிப்பது உமது பணப்பையை. பதினொரு வினா எழுப்பியவர், ஊதியம் எதுவுமின்றி, தமது நாட்களிற் சிலவற்றை உமது பக்கங்களோடு கழித்திருக்கின்றார். மதிப்பு எங்கேயிருக்கின்றது என்பதை ஆறுதலாக எண்ணிப் பார்ப்பீராக.

தருமியின் கதையை இங்கே நினைவூட்ட விரும்புகின்றோம். திருவிளையாடலிலே அவன் சங்கத்தின் முன் வைத்த பாட்டுக்கு நக்கீரர் குற்றம் கூறியபோது, அவனால் மறுமொழி சொல்ல முடியவில்லை. காரணம் எளிது, பாட்டு அவனுடையதன்று. விடை கூறுவதற்கு அதனை இயற்றிய இறைவனே வரவேண்டியிருந்தது. இயந்திரமே கட்டுரை எழுதித் தரும் காலம் இது. மாணவர் பலருக்கு அது பெருஞ் சோதனை. வினா எழும்போதுதான் எழுத்து யாருடையது என்பது தெரிகின்றது. வயல் வரம்பிலே நின்று கேட்டு எழுதியவருக்கு விடை தெரியும். தெரியாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்றாவது தெரியும்.

இனிச் செய்யத்தக்கது யாது? மதிப்புரை கிடைத்த அன்றே மறுமொழி எழுதாதீர்கள். சில நாட்கள் கழித்து அதனை எடுத்து, வினாக்களுக்கு எண்ணிட்டு, மூன்று கூறாகப் பிரியுங்கள். சரியானவை என்று உங்கள் மனமே சொல்பவை ஒரு கூறு. நீங்கள் தெளிவாக எழுதாமையால் எழுந்தவை மற்றொரு கூறு. மதிப்பாய்வாளரே தவறியவை மூன்றாவது கூறு. முதற் கூற்றைத் திருத்துங்கள். இரண்டாவதைத் தெளிவுபடுத்துங்கள். மூன்றாவதற்குப் பணிவோடும் சான்றோடும் மறுப்பு எழுதுங்கள். பிறர் மதத்தை உடன்படுவது மட்டுமன்றி, மறுப்பதும் தன் மதத்தை நிலைநாட்டுவதும் நன்னூலார் ஒப்புக்கொண்ட நெறிகளே. எந்த வினாவுக்கு எந்தப் பக்கத்தில் என்ன மாற்றம் செய்யப்பட்டது என்று ஒரு தனித்தாளிலே குறித்து, திருத்திய கட்டுரையோடு அனுப்புங்கள். ஓரிதழின் முடிபு தெரியும்வரை அதே கட்டுரையை வேறோர் இதழுக்கு அனுப்பாதீர்கள். ஓரிதழ் மறுத்துவிட்டால் வேறு இதழ் உண்டு. ஆனால் திருத்தாமல் அனுப்பினால் அங்கும் அவ்வினாக்களே காத்திருக்கும்.

நூல் வசதியில்லை என்ற குறையை அன்பர் எழுதியிருக்கின்றார். அது மெய்யான குறையே. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஒரேயொரு படியாக இருந்தவை ஒரேயடியாக மறைந்தன. பல படிகளாக அச்சேறிப் பரந்தவை வேறெங்காவது எஞ்சின. எழுதியதை இழுப்பறையில் வைத்திருப்பவர்கள் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். இன்று நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலே இலங்கைத் தமிழ் நூல்களும் இதழ்களும் பெருந்தொகையாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895ஆம் ஆண்டில் எழுதிய நூலைப் பார்த்தீரா என்று இரண்டாம் மதிப்பாய்வாளர் கேட்டிருக்கின்றார். பார்க்கத்தான் வேண்டும். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கில அதிகாரி காதில் விழுந்த சொற்களில் எவை இன்றும் வழங்குகின்றன, எவை மறைந்தன என்று ஜெயபுரத்து ஆசிரியர் ஒருவர் கூறும்போது, கட்டுரைக்கு இன்னுமொரு தூண் கிடைக்கின்றது.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு விண்ணப்பம். கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இயங்குகின்றன. வவுனியாவிலே 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கின்றது. ஆய்வு முறையை மாணவருக்குக் கற்பிக்கும் இந்நிறுவனங்கள், ஆண்டுக்கு இரண்டொரு நாள் தங்கள் கதவைச் சுற்றுவட்டாரப் பாடசாலை ஆசிரியருக்குத் திறந்து, கட்டுரையொன்றை எவ்வாறு அமைப்பது, மதிப்புரைக்கு எவ்வாறு விடை எழுதுவது என்பதைக் கற்பித்தாலென்ன? வயலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வரும் அறிவு பல்கலைக்கழகத்துக்கும் வேண்டியதுதானே!

நாளேட்டின் பக்கமும் ஆய்விதழும் ஒன்றல்ல. தினகரன் ஆசிரியராகப் பணியாற்றிய கைலாசபதி, பின்னர்ப் பல்கலைக்கழகத்திலே கற்பித்து, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய தமது ஆய்வை 1968ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டில் வெளியிட்டார். இரண்டு களமும் அவருக்குத் தெரியும். ஒன்று பலரை ஒரு பொருளின்பால் ஈர்ப்பது. மற்றது அப்பொருளைச் சோதித்து நிலைநிறுத்துவது. ஈர்ப்பது எமது தொழில். சோதிக்க வேண்டிய ஒன்றைச் சோதனைக்கு முன்னரே பறித்து அச்சிட்டு, அன்பருக்கு ஒரு வார மகிழ்ச்சியையும் அவருடைய கட்டுரைக்கு ஒரு வாழ்நாட் குறையையும் கொடுக்க நாம் ஒருப்படோம். ஆய்விதழிலே அது வெளிவரும் நாளில், அதன் சாரத்தை எமது வாசகர்க்கு எழுதித் தரும்படி அன்பரை இப்பொழுதே அழைக்கின்றோம். பக்கம் அவருக்காக ஒதுக்கப்பட்டிருக்கும்.

கட்டுரையைத் திருப்பி அனுப்பியுள்ளோம். காலபோக விதைப்புத் தொடங்குமுன் அன்பர் மறுபடியும் துவிச்சக்கர வண்டியை எடுக்க வேண்டும். அந்த முதியவர்களுள் ஒருவருக்கு எண்பத்தேழு வயது என்று அவரே எழுதியிருக்கின்றார். முதலில் அவரிடம் போகட்டும். அருகே அமர்ந்து, ஐயா, நீங்கள் பிறந்த ஊர் எது என்று கேட்கட்டும்.